கண்ணை மூடினால் எனக்கு வீடு தெரிவதில்லை

தென்புற அறை | செவ்வாய் இரவு

காரைக்குடிப் பக்கம் கோட்டையூரில் உள்ள எங்கள் வளவு வீட்டை, பங்காளிகள் எல்லோருக்கும் பொதுவான பழைய முற்றத்து வீட்டை, விற்பது என்று போன மாதம் முடிவாகிவிட்டது. ஒன்பது பங்கு. பங்குக்காரர்களில் ஊரில் இருப்பவர் ஒருவர்கூட இல்லை. ஓடு மாற்ற ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் ஒன்பது பேரிடம் பணம் வசூலிப்பதற்குள் அடுத்த மழை வந்துவிடுகிறது. வாங்குகிறவர் மரத்துக்காகத்தான் வாங்குகிறார். தூண் ஒரு பக்கம், உத்தரம் ஒரு பக்கம், நிலைக்கதவு ஒரு பக்கம் என்று போய்விடும். தை மாதம் பத்திரம்.

இதையெல்லாம் நான் ஏற்றுக்கொண்டுவிட்டேன். நான் கேட்க வந்தது வேறு.

வீடு போகிறதே என்று வருத்தப்படுகிற யாருக்கும் எங்கள் வீட்டில் சொல்லப்படுகிற ஆறுதல் ஒன்றுதான்: "கண்ணை மூடினால் அப்படியே நிற்கப்போகிறது, எங்கே போய்விடும்?" எனக்கு நிற்காது. கண்ணை மூடினால் இருட்டு, அவ்வளவுதான். வீடு மட்டுமில்லை, எதுவுமே தெரியாது. 54 வயதாகிறது. "கண்முன் நிற்கிறது" என்று ஜனங்கள் சொல்வதை, "வயிறு எரிகிறது" என்று சொல்வதைப்போல ஒரு பேச்சு வழக்கு என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். போன வாரம் என் உடன்பிறந்த ஆச்சி, அதாவது அக்கா, போனில் எங்கள் அப்பாவைப் பற்றி, "அப்பச்சி முகப்பில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுறது அப்படியே தெரியுதுடா" என்றார். தெரிகிறது என்றால் எப்படி என்று கேட்டேன். "கலரில்தான், வேறு எப்படி?" என்றார். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

திரும்பிப் பார்த்தால் பல எரிச்சல்களுக்கு இப்போது காரணம் புரிகிறது. திருச்சியில் புது வீட்டுக்குத் தரைக்கல் பார்க்கப் போனோம். என் மனைவி ஒரே ஒரு கல்லைக் கையில் கொடுத்து, "ஹால் முழுக்க இது இருந்தால் எப்படி இருக்கும், நினைத்துப் பாருங்கள்" என்றாள். நான் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கறையில்லை என்று அவளுக்குக் கோபம். குன்றக்குடியில் கண்ணை மூடிக் கும்பிடுகிறபோது முருகன் முகம் தெரிவதாக எல்லோரும் சொல்வார்கள். நான் சின்ன வயதிலிருந்தே கண்ணைத் திறந்துகொண்டுதான் கும்பிடுகிறேன். அதற்குத் திட்டு வாங்கியிருக்கிறேன்.

அப்பச்சி தவறி ஆறு வருஷம் ஆகிறது. படத்தைப் பார்த்தால்தான் முகம். படத்தை விட்டுக் கண்ணை எடுத்துவிட்டால் போய்விடுகிறது. விற்பதற்கு நான் முதலில் கையெழுத்துப் போட்டேன் என்பதற்காக, "அவனுக்குக் கல் மனசு" என்று பங்காளி வீட்டில் ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. அதை என்னால் தள்ள முடியவில்லை. ஒருவேளை சரியாகத்தான் சொல்கிறாரோ என்று இருக்கிறது.

என்னைப்போல யாராவது இருக்கிறீர்களா? ஒரு வீட்டை விட்டு வருகிறவன் எதையாவது கையோடு கொண்டுவர வேண்டும் இல்லையா? நான் எதைக் கொண்டுவருவது?

---

பள்ளத்தூர் ஆச்சி | செவ்வாய் இரவு

தம்பி, நான் உங்களுக்கு நேர் எதிர். எங்கள் வீட்டை இடித்து எட்டு வருஷம் ஆகிறது. எனக்கு அது போகவே மாட்டேன் என்கிறது. அரிசி களைந்துகொண்டிருப்பேன், இரண்டாம் கட்டுத் தூணில் எண்ணெய் இறங்கிய கறை தெரியும். பேரனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பேன், முற்றத்தில் மழைத்தண்ணீர் பிடிக்க வைத்த அண்டா தெரியும். நான் கூப்பிடாமலே வரும். இடித்த அன்றைக்குப் போய்ப் பார்த்தது பெரிய தப்பு, ஏனென்றால் அதுவும் சேர்ந்து வருகிறது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் போனேன். பழைய சாமான் கடைகள் இருக்கின்றனவே, அங்கே ஒரு கடை வாசலில் எங்கள் வீட்டு நிலை சாத்தி வைத்திருந்தது. கஜலட்சுமிக்கு இடது பக்கத்து யானையின் தும்பிக்கை உடைந்திருக்கும், என் தம்பி பம்பரம் விட்டு உடைத்தது. அதே தும்பிக்கை. விலை கேட்டேன். எதற்குக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அன்று முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை.

படம் தெரிகிறவர்களெல்லாம் சுகமாக இருக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கல் மனசு என்று சொன்னவரை விடுங்கள். ஆறு வருஷம் கழித்தும் அப்பச்சி முகம் வரவில்லையே என்று தவிக்கிறவருக்கா கல் மனசு?

---

ரஸ்தாக்காரன் | புதன் காலை

இரண்டு பேரும் என்னை மன்னிக்க வேண்டும், கொஞ்சம் கறாராகப் பேசுகிறேன். நம் பக்கத்தில் இந்த வீட்டுப் பேச்சு அளவுக்கு மீறிப் போய்விட்டது. பர்மாத் தேக்கு, இத்தாலி மார்பிள், பெல்ஜியம் கண்ணாடி, முட்டை வெள்ளைக்கரு போட்டு இழைத்த சுவர் என்று சுற்றுலாக்காரர்களுக்குச் சொல்வதையே நாமும் நமக்குச் சொல்லிக்கொள்கிறோம். 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டுக் கிராமங்கள் சேர்ந்தன, எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் எங்கள் வீட்டு மேற்குப் பத்தித் தாழ்வாரத்தில் ஒழுகுகிற இடத்துக்கு வாளி வைக்க அந்தப் பட்டியல் வராது.

நான் ஊரில் இருக்கிற ஒரே பங்கு. வௌவால் எச்சம் கூட்டுவது நான். பூட்டிக் கிடக்கிற அறைகளுக்கும் சேர்த்துக் கரண்ட் பில் கட்டிவிட்டு ஒவ்வொருவராகப் போன் போட்டுக் கேட்பது நான். முன்னோர்க்குப் படைக்கிற படைப்புக்கு வருகிறவர்கள் வந்த அன்றைக்கு வீடு சுத்தமாக இல்லை என்கிறார்கள், மறுநாள் போய்விடுகிறார்கள். போகிறபோது "நினைவெல்லாம் இங்கேதான்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். நினைவு விளக்குமாற்றை எடுக்காது.

தென்புற அறை, நீங்கள் முதலில் கையெழுத்துப் போட்டது சரி. படம் தெரியாததால் உங்களால் வீட்டை இருக்கிற நிலையில் பார்க்க முடிந்திருக்கிறது. மற்ற எட்டுப் பேரும் பார்த்தது அவரவர் தலைக்குள் இருந்த வீடு.

---

தென்புற அறை | புதன் காலை

நீங்கள் சொன்னது ஆறுதலாகவும் இருக்கிறது, அதே சமயம் குத்துகிறது. நான் தெளிவாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டதாக எனக்குத் தோன்றவில்லை. எனக்கும் அந்த வீடு வேண்டித்தான் இருந்தது. எப்படி வேண்டுவது என்றுதான் தெரியவில்லை.

---

உளவியல் மாணவி | புதன் மாலை

வணக்கம் சார். காரைக்குடியில் முதுகலை படிக்கிறேன். நீங்கள் சொல்வதற்கு ஒரு பெயர் இருக்கிறது: அஃபேன்டேசியா. இங்கிலாந்தில் எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தின் நரம்பியல் மருத்துவர் ஆடம் ஸீமனும் அவருடன் வேலை செய்தவர்களும் 2015இல் வைத்த பெயர். இது நோய் இல்லை. பிறவியிலிருந்தே மனக்கண்ணில் படம் வராமல் இருப்பது. நூற்றுக்கு ஒருவரிலிருந்து நாலு பேர் வரை இப்படி இருக்கலாம் என்பது பொதுவான மதிப்பு. உங்களைப்போலவே பாதி ஆயுள் கழிந்த பிறகு தற்செயலாகத் தெரிந்துகொண்டவர்கள் நிறைய. பள்ளத்தூர் ஆச்சிக்கு இருப்பது இதன் மறுகோடி.

பெயர்தான் புதிது. 1880இலேயே பிரான்சிஸ் கால்டன் இதைக் கேட்டிருக்கிறார். இன்று காலை உட்கார்ந்து சாப்பிட்ட மேஜையை நினைத்துப் பாருங்கள், படம் வெளிச்சமாக இருக்கிறதா, மங்கலா, நிறம் தெரிகிறதா என்று பலரிடம் கேட்டார். விஞ்ஞானிகளிடம் கேட்டபோது, அப்படி ஒரு படம் வருவதே இல்லை என்று பலர் சொன்னதில் அவர் அசந்துபோனார். அவர்களும் "கண்முன் நிற்பது" என்பதை வெறும் பேச்சு என்றுதான் எடுத்துக்கொண்டிருந்தார்கள், உங்களைப்போலவே.

படம் வராதவருக்குக் கற்பனை வராது என்பது தவறு. கம்ப்யூட்டர் அனிமேஷனுக்கு வழி போட்ட பிக்ஸார் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான எட் கேட்மல், தனக்கு மனக்கண்ணில் எதுவும் தெரியாது என்று 2019இல் சொன்னார்.

உங்கள் கேள்விக்கு நெருக்கமான ஆராய்ச்சி ஒன்று 2021இல் வந்தது. வில்மா பெயின்பிரிட்ஜ் என்ற ஆய்வாளரின் குழு இந்தத் தன்மை உள்ள 60 பேருக்கு மேலானவர்களுக்கும் மற்றவர்களுக்கும் அறைகளின் புகைப்படங்களைக் காட்டிவிட்டு, எடுத்து வைத்துவிட்டு, நினைவிலிருந்து வரையச் சொன்னது. படம் வராதவர்கள் குறைவான பொருள்களைத்தான் வரைந்தார்கள், நிறமும் குறைவு. ஆனால் எது எங்கே இருந்தது, என்ன அளவு என்பதில் மற்றவர்களுக்குச் சமமாக இருந்தார்கள். இல்லாத பொருளை இருந்ததாக வரைந்த தவறு அவர்களிடம் குறைவு.

சார், ஒன்று கேட்கலாமா? உங்கள் வளவு வீட்டை வரைந்து பாருங்களேன். கண்ணை மூடாதீர்கள். பேப்பரில் கையை வைத்து, வாசலில் நுழைந்து நடங்கள்.

---

ஆத்தங்குடிக் கல் | புதன் இரவு

அண்ணே, நான் ஆத்தங்குடியில் கல் போடுகிறவன், அப்பா காலத்துத் தொழில். நீங்கள் தரைக்கல் கடையில் நின்றதைப் படித்ததும் எழுத வேண்டும் என்று தோன்றியது.

எங்கள் வேலையில் பூ முகம் கீழே இருக்கும். கண்ணாடித் தட்டின்மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் கலர் சிமெண்டுக் கரைசலை ஊற்றுவோம். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று அந்தந்த இடத்துக்கு அந்தந்தக் கரண்டி. அச்சை ஆடாமல் தூக்க வேண்டும், தூக்கின கை நடுங்கினால் கலர் கலந்துவிடும். மேலே உலர்ந்த சிமெண்டு மணல் தூவி, அதுக்கு மேல் ஈரக் கலவை போட்டு மட்டம் பண்ணிவிட்டால், கண்ணுக்குத் தெரிவது வெறும் சாம்பல் முதுகு. காயவிட்டு, தண்ணீர்த் தொட்டியில் சில நாள் போட்டு, மறுபடி காயவைத்துக் கண்ணாடி பிரிகிறபோதுதான் பூ எப்படி வந்திருக்கிறது என்று தெரியும்.

ஊற்றுகிறபோது மனசில் பூ தெரியுமா என்று ஒரு வெளிநாட்டு அம்மா என்னிடம் கேட்டார்கள். எனக்குத் தெரியாது, நான் அதைப் பார்ப்பதில்லை. கைக்குத் தெரியும். எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு, எப்போது நிறுத்துவது, எல்லாம் கையில் இருக்கிறது. ஒரு நாள் உடம்பு சரியில்லாமல் யோசித்து யோசித்து ஊற்றினேன், அன்றைக்குப் போட்டதில் பாதிக் கல் கழிவு.

வீட்டில் ஹாலுக்குக் கல் பார்க்கிறவர்கள் ஒரு கல்லைப் பார்த்து முடிவு பண்ணவே கூடாது. ஒன்பது கல்லைத் தரையில் பரப்பி, அது மேல் நடந்து பார்க்கச் சொல்லுங்கள். அண்ணி கோபிக்காமல் இருப்பார்கள்.

---

ரஸ்தாக்காரன் | வியாழன் காலை

நேற்றுக் கறாராக எழுதியதற்காக ராத்திரி முழுக்க மனசு உறுத்தியது. ஒரு விஷயம் சொல்ல விட்டுப்போயிற்று.

எங்கள் ஐயா, அதாவது தாத்தா, ரங்கூனில் கொண்டுவிற்க, வட்டிக்குக் கடன் கொடுக்கிற தொழிலுக்கு, போனவர். பெட்டியடிப் பையனாகப் போய், அடுத்தாளாகி, மேலாளாக இருந்தவர். 1930களின் மந்தத்தில் நெல் விலை விழுந்து, கொடுத்த கடன் பணமாகத் திரும்பாமல் நிலமாகத் திரும்பிய காலம். 1938 வாக்கில் கீழ்ப்பர்மாவில் நெல் விளைகிற முக்கியமான 13 மாவட்டங்களில் நாலில் ஒரு பங்கு நிலம் நம் செட்டியார்கள் பேரில் இருந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பான் கைக்குப் போனது. ஐயா அதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்தே கிளம்பிவிட்டார். கடையைப் பூட்டிச் சாவியை மடியில் கட்டிக்கொண்டு வந்தார். 1948இல் பர்மா அரசு நிலத்தைத் தேசியமாக்கச் சட்டம் போட்டது, அப்புறம் அந்தப் பேச்சே கிடையாது.

அந்தச் சாவி எங்கள் வளவில் ஓர் ஆணியில் தொங்கியது. ஐயா இருந்தவரைக்கும் யாரும் தொடக்கூடாது. கடையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை தோறும் வீட்டுச் சாவிகளுக்கு எண்ணெய் போடுகிறபோது அதற்கும் சேர்த்துப் போடுவார். பூட்டும் இல்லை, கதவும் இல்லை, கடல் தாண்டி ஊரும் இல்லை. எனக்கு அப்போது பத்து வயது, துரு ஏறாமல் எதற்கு வைத்திருக்கிறார் என்று புரியாது.

நான் ஊரைவிட்டுப் போகாமல் விளக்குமாற்றோடு நிற்பதும் அதுதானோ என்று நேற்றுத் தோன்றியது. விற்கச் சொல்லி உங்களுக்கு எழுதினேன், எங்கள் வீட்டு விலைப் பேச்சை மூன்று தடவை தட்டிக்கழித்தவன் நான்தான்.

---

தென்புற அறை | வெள்ளி இரவு

வரைந்தேன்.

பேங்கில் டோக்கன் வாங்கிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பையில் பழைய காலண்டர் தாள் இருந்தது, அதன் பின்பக்கத்தில் ஆரம்பித்தேன். படம் ஒன்றும் வரவில்லை. ஆனால் முகப்பில் பேனாவை வைத்ததும் அடுத்தது என்ன என்று தெரிந்துகொண்டே வந்தது. நிலைப்படி உயரம், தாண்டியதும் இடது தோளை ஒதுக்க வேண்டிய தூண். முற்றத்தைச் சுற்றிப் பன்னிரண்டு தூண். தெற்குப் பத்தியில் எங்கள் அறை மூன்றாவது, அதற்கு எதிர்த் தூணில் முதுகைச் சாய்த்தால் முற்றத்து வெயில் முழங்காலில் படும், மத்தியானத்தில் படாது. இரண்டாம் கட்டுக்குப் போகிற நடை ஒரு சாண் இறக்கம். அங்கே ஓடினால் கால் தானாகவே எட்டி விழும். அடுப்படி, அம்மி, கிணறு. கிணற்றுக்குப் பதினொரு எட்டு.

டோக்கன் நம்பர் கடந்துவிட்டது. மறுபடி எடுக்கச் சொன்னார்கள். கோபமே வரவில்லை, மூன்றாம் கட்டை முடித்தேன்.

ஆத்தங்குடித் தம்பி, மனைவியை அழைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை அங்கே வருகிறோம்.

---

உளவியல் மாணவி | வெள்ளி இரவு

சார், படித்துவிட்டு எங்கள் விடுதி அறையில் மூன்று பேரும் அவரவர் வீட்டை வரைந்தோம். எனக்கு எங்கள் வீட்டு ஜன்னல் எண்ணிக்கை தெரியவில்லை. அம்மாவுக்குப் போன் செய்துதான் கேட்டேன்.

உங்கள் வீட்டில் தெளிவாகப் படம் தெரிகிற யாராவது அதைப் பார்த்துச் சரிபார்க்க முடியுமா?

---

தென்புற அறை | ஞாயிறு இரவு

ஆச்சியும் நானும் நேற்று வீட்டுக்குப் போனோம். காலண்டர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஆச்சி ஒவ்வொரு கட்டாக நடந்தார்.

எங்கள் அறைப் பூட்டு ஆச்சிக்குத் திறக்கவில்லை. நான் வாங்கிப் போட்டேன், திறந்துவிட்டது. சாவியை முழுக்க உள்ளே விட்டு, ஒரு நூல் பின்னுக்கு இழுத்து, இடது பக்கம் திருப்ப வேண்டும். அப்படி ஒரு சூட்சுமம் இருப்பது எனக்கு நினைவிலேயே இல்லை. திறந்த பிறகுதான் என் கை என்ன செய்தது என்று கவனித்தேன். சொல்லிக்கொடுத்தது அப்பச்சி. என் கைமேல் அவர் கையை வைத்துத் திருப்பியது. அவர் முகம் அப்போதும் வரவில்லை. கையின் கனம் வந்தது.

வரைந்ததில் நான் விட்டது நிறைய. மங்குச் சாமான் அடுக்கிய அலமாரி, நிலைக்கு மேலே இருந்த நீலக் கண்ணாடி, மாடிப்படிக்கு அடியில் ஓலைக் கொட்டான்கள் வைக்கிற மாடம், இதெல்லாம் என் தாளில் இல்லை. ஆச்சி ஒவ்வொன்றாகச் சொல்ல எழுதிக்கொண்டேன். "வடக்குப் பத்தி ஊஞ்சலையும் விட்டுட்டே பார்" என்றார். எனக்கு அங்கே ஊஞ்சல் இருந்ததாகவே இல்லை. டார்ச் அடித்து உத்தரம் முழுக்கப் பார்த்தோம். கொக்கி இல்லை, கொக்கி எடுத்த வடுவும் இல்லை. ஆச்சி ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம், "அது புதுவயலில், ஆயா வீட்டில்" என்று மெல்லச் சொன்னார். ஆயா என்றால் எங்கள் பாட்டி; அந்த வீடு போய் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்த ஊஞ்சலை ஆச்சி இங்கே கொண்டுவந்து மாட்டி வைத்திருக்கிறார்.

"நீ வரைஞ்சதே சரி" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார். கொடுத்தவர் இரண்டடி நடந்துவிட்டு மறுபடி கேட்டு வாங்கிக்கொண்டார். பேத்தியின் கலர் பென்சிலால் நிறம் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஜன்னல் கதவு என்ன பச்சை என்பது அவருக்குத்தான் தெரியும். ஊஞ்சலையும் போட்டுக்கொள்ளுங்கள் ஆச்சி என்றேன்.

வாங்குகிறவரிடம் அறைக்கதவை விலைக்குக் கேட்கலாமா என்று ஒரு யோசனை இருந்தது. ரஸ்தாக்கார அண்ணன் எழுதியதை நினைத்துக்கொண்டேன். பூட்டும் கதவும் சேர்ந்தே போகட்டும், சாவியையும் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். அது எப்படித் திறக்கும் என்பதை மட்டும் ஒரு சீட்டில் எழுதிச் சாவியில் கட்டிவிடுகிறேன்.

ஆத்தங்குடியில் ஒன்பது கல்லைப் பரப்பி அதன்மேல் நடந்தோம். மனைவி மஞ்சள் பூ, நான் சிவப்பு. நாளைக்கு மறுபடி பேசிக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டோம்.

---

ரஸ்தாக்காரன் | ஞாயிறு இரவு

சீட்டில் எழுதுகிறபோது அந்த "ஒரு நூல் பின்னுக்கு" என்பதை மறக்காமல் எழுதுங்கள். அது இல்லாவிட்டால் பூட்டை உடைத்துவிடுவார்கள்.

---

பள்ளத்தூர் ஆச்சி | திங்கள் காலை

தம்பி, ராத்திரி நானும் உட்கார்ந்தேன். எனக்குப் படம் வந்துகொண்டே இருந்தது, ஆனால் தாளில் வைக்கும்போது ஒன்றோடு ஒன்று சேரவில்லை. தூண் கறை தெரிகிறது, அது எந்தத் தூண் என்று தெரியவில்லை. இத்தனை வருஷம் அந்த வீட்டுக்குள்ளேயே இருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். இரண்டாம் கட்டிலிருந்து கிணற்றுக்குப் போகிற படி மூன்றா நாலா என்பதில் நின்றுவிட்டேன். பம்பரம் விட்ட தம்பி சிங்கப்பூரில் இருக்கிறான், அவனுக்குக் கேட்டு எழுதியிருக்கிறேன். அவன் பார்த்ததும் பதில் போடுவான்.